எடுக்காத சாய்வுப் படம்

ஸ்கேன் சென்டரில் எல்லோரும் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டுக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். வரவேற்பு மேசையில் உட்காரும் பெண் மாடிப்படியின் கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதித்தால் போதும், "காலு ரெண்டும் சேரல, ஒரு எட்டு வேற வச்சுட்டே. பாயிண்ட் ரெண்டு போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. வீட்டிலும் விடுவதில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டிவிட்டு இறங்கினால் அவருக்கும் மார்க் குறையும்.

"நாள் பூரா ஏறி இறங்குறதே என் பொழப்பு. எனக்கே மார்க் குறைக்கிறியா?" என்பார்.

"இறங்கும்போது முதுகு வளைஞ்சிருந்துச்சு."

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்தே முக்கால் அடி உயரம், அதற்கேற்ற அகலம். பள்ளியில் ஒரே ஒருமுறை குட்டிக்கரணம் போடச் சொன்னார்கள். பாதியில் பக்கவாட்டில் சாய்ந்து பக்கத்தில் நின்றவளையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். ஆனால் பத்து வயதில் மாமா வீட்டு டிவியில் பார்த்த காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சாண்கூட அகலமில்லாத கட்டையின் மேல் ஒரு பெண் பின்புறமாகக் கரணம் அடித்து, ஒன்றுமே நடக்காதது போல நின்றாள். அன்று பிடித்தது. நாற்பத்தாறு வயதாகியும் தெளியவில்லை. மதிய இடைவேளையில் நோயாளிகள் உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈயக் கவசம் மாட்டும் கம்பியில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். நடுவர்கள் மதிப்பெண் போடும் முன்பே தான் ஒன்று சொல்வாள். பத்துக்கு எட்டுத் தடவை அவள் சொன்னதை ஒட்டியேதான் வரும்.

இதில் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்தே வளர்ந்திருந்தது. இந்த விளையாட்டை விரும்புகிறவர்கள் பலருக்கும் உள்ளதுதான். அடிபட்ட காலோடு ஓடிவந்து குதித்தவள், விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு கம்பியில் தொங்கியவள் என்றால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். "வலியைக் காட்டிக்கவே இல்ல பாரு, அவதான் வீராங்கனை" என்று வரவேற்புப் பெண்ணிடம் கதை கதையாகச் சொல்வாள். எலும்பு முறிந்தவர்களை நாள் முழுக்கப் படம் எடுக்கிற பெண்மணிதான் இப்படிப் பேசினாள். ஆறு மணிக்குக் கடையை மூடுவது போல அந்த அறிவை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது.

அவள் ஊரிலேயே ஒரு பெண் இருந்தாள். ரசிகர்கள் வைத்த பெயர் குருவி. நான்கு வருடம் முன்பு, பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் ஜட்ஜம்மா அவளை முதலில் பார்த்தாள். பதின்மூன்று வயது. கட்டையிலிருந்து மூன்று தடவை விழுந்தாள், மூன்று தடவையும் ஏறினாள், முடித்துவிட்டு நடுவர்களுக்கு வணக்கம் வைக்கும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான் ஜட்ஜம்மா, பிறகு எழவே இல்லை. குருவி கலந்துகொண்ட போட்டி ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. இப்போது குருவிக்குப் பதினேழு. வரும் சனிக்கிழமை தேசிய அணிக்கான தேர்வு. ஒரு மாதம் முன்பே ஜட்ஜம்மா லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் வரவேற்புப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!"

குருவி வந்திருந்தாள். கூடவே அவளுடைய பயிற்சியாளர், கழுத்தில் விசில் தொங்க. கையில் ஒரு சீட்டு: கீழ் முதுகு, முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. ஜட்ஜம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடம் அரங்கத்தின் மேல்வரிசையில் உட்கார்ந்து தான் பார்த்த பெண், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று இருந்தது. தன் தோளுக்குக்கூட வரவில்லை.

"நாலு வருஷமா உன் எல்லாப் போட்டியும் பாத்திருக்கேன்மா. நீ மூணு தடவை விழுந்தியே, அது உட்பட."

"ஐயோ ஆன்ட்டி, அதையுமா?" என்று குருவி முகத்தை மூடிக்கொண்டாள். ஆன்ட்டி என்று யார் சொன்னாலும் சுள்ளென்று விழுகிறவள், அன்று மன்னித்துவிட்டாள்.

பிறகுதான் வேலை தொடங்கியது. வேலை என்று வந்துவிட்டால் அவள் கண் வேறு கண். குருவி மேசையில் நேராக ஏறவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்து, கையை ஊன்றி, மெல்ல உடம்பைச் சாய்த்தாள். அறுபது வயதுக்காரர்கள் ஏறுகிற விதம் அது.

"எப்போ வலிக்குது?"

"பின்னாடி வளையும்போது மட்டும். இடது பக்கம். மத்தபடி ஒண்ணும் இல்ல."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம்... ரெண்டு மாசம் இருக்கும். மாஸ்டருக்கு ஒரு மாசம்னு சொல்லியிருக்கேன்."

மூச்சைப் பிடிக்கச் சொல்லி இரண்டு படமும் எடுத்தாள். பக்கப் படத்தில் கடைசி எலும்புக்கருகே ஒரு மங்கல். இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி முதுகுக்கு இன்னொரு படம் உண்டு. ஆளைப் பாதிச் சாய்த்துப் படுக்க வைத்து எடுப்பது. அதில் முதுகெலும்பின் பின்பகுதி ஒரு குட்டி நாய் நிற்பது போலத் தெரியும். காது, மூக்கு, முன்னங்கால் எல்லாம் இருக்கும். நாயின் கழுத்தில் பட்டி கட்டியது போலக் கறுப்புக் கோடு விழுந்திருந்தால், அந்த இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலைக்குப் படிக்கிறவர்கள் முதல் வருடமே கற்றுக்கொள்வது. சீட்டில் எழுதாவிட்டாலும் சந்தேகம் வந்தால் ஜட்ஜம்மா சும்மா இருக்க மாட்டாள். ஊரின் மறுகோடியில் இருந்து அறிக்கை எழுதும் டாக்டருக்குப் போன் போட்டு, "டாக்டர், சாய்வாவும் ரெண்டு எடுத்துடட்டுமா?" என்பாள். "எடும்மா, உனக்குத் தோணினா சரியாத்தான் இருக்கும்" என்பார் அவர்.

போன் சுவரில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அவள் கை நீட்டவில்லை.

காரணங்களுக்கா பஞ்சம்? சீட்டில் இரண்டு என்றுதானே எழுதியிருக்கிறது, மூன்றாவது எடுக்க நான் யார்? வளர்கிற பெண்ணுக்கு எதற்கு வீணாக இன்னும் கொஞ்சம் கதிர்? டாக்டருக்கு ஆயிரம் வேலை. மூன்றுமே ஞாயமான காரணங்கள், கேடே அதுதான். நான்காவது காரணத்தை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை குருவி அந்தக் கட்டையின் மேல் ஏற வேண்டும். தான் அதைப் பார்க்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். இவள் கண்ணை மூடவில்லை, படத்தை எடுக்காமல் விட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே பயிற்சியாளர் காத்திருந்தார். "ஒண்ணும் இல்லல்ல மேடம்?"

"ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்லணும் சார். நாளைக்குக் காலையில வந்துடும்." படம் எடுக்கிறவர்கள் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குருவி பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "சனிக்கிழமை மேல மூணாவது வரிசையில இருப்பேன். பயப்படாம இறங்கு கண்ணு" என்றாள். குருவியின் முகம் சட்டென்று தெளிந்ததை அவள் பார்த்தாள்.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது. குறிப்பிடும்படி எதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எடுக்காத படத்தில் இருப்பதை டாக்டர் எப்படி எழுதுவார்?

அன்று சாயங்காலம் கணவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டு ஸ்டூலிலிருந்து தொம்மென்று குதித்தார். மார்க் வரவில்லை. இன்னொரு தடவை ஏறி இன்னும் மோசமாகக் குதித்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"என்னடி ஆச்சு?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"லிஃப்டுல சத்தம் வருதுன்னு ஒருத்தர் சொல்றார். நான் மூடியைத் திறந்தே பாக்காம, ஓடுது சார்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, நீ என்னை என்ன சொல்லுவே?"

"லிஃப்டும் பொண்ணும் ஒண்ணா?" என்று சீறினாள். "உங்களுக்கு என்ன தெரியும்? நாலு வருஷம் அந்தப் பொண்ணு உழைச்சது சனிக்கிழமைக்குத்தான். நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பி அதைக் கெடுக்கவா?"

அவர் எழுந்து ஸ்டூலை மூலையில் கொண்டுபோய் வைத்தார். குற்றமுள்ள நெஞ்சுதான் குரலை உயர்த்தும் என்பது இருபது வருடம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா என்ன?

வெள்ளிக்கிழமை முழுவதும் போன் அதே சுவரில்தான் இருந்தது. இருபத்தாறு பேருக்குப் படம் எடுத்தாள். ஒவ்வொருவர் போனதும் இப்போது பேசிவிடலாம் என்று நினைத்தாள். தேர்வு முடிந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று சாயங்காலம் முடிவு செய்தாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று ஒரு சமாதானம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பதினோரு மணிக்குத்தான் போட்டி. கீழே பெண்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். குருவி கட்டையில் ஏறினாள். ஓடினாள், கரணம் அடித்தாள், இரண்டு சுற்றுச் சுற்றி மெத்தையில் வந்து இறங்கினாள். கால் அசையவில்லை. பக்கத்து இருக்கைகளில் கைதட்டினார்கள். முப்பத்தாறு வருடமாக ஜட்ஜம்மா பார்த்தது இறங்குகிற காலை மட்டும்தான். இன்று அவள் கையைப் பார்த்தாள். இறங்கிய மறுகணம் குருவியின் கட்டைவிரல் முதுகின் இடது பக்கத்தை அழுத்தியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். பிறகு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் ஜட்ஜம்மா நான்கு வருடம் கைதட்டியிருக்கிறாள். மூன்று தடவை விழுந்த அன்றும் அந்தக் குழந்தைக்கு வலித்திருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது. அரங்கத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், புதன்கிழமை ஒரு முதுகு வந்துச்சுல்ல, பதினேழு வயசுப் பொண்ணு. சாய்வுப் படம் எடுத்திருக்கணும். எடுக்காம விட்டுட்டேன்."

"சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர்."

"நீ எப்பவும் போன் பண்ணுவியேம்மா. ஏன் பண்ணல?"

போனைக் காதில் வைத்தபடியே, குருவி மறுபடி கட்டையில் ஏறுகிறாளா என்று கீழே எட்டிப் பார்த்தாள். அவர் வற்புறுத்தவில்லை. "உடனே கூட்டிட்டு வந்து எடு. நான் பாக்கறேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு குதிக்கக் கூடாது" என்றார்.

கீழே போய்ச் சொன்னபோது பயிற்சியாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கீங்க. இப்போ வந்து, போட்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி... விளையாடுறீங்களா மேடம்?"

"தப்பு என்னோடது சார். திட்டறதை அங்க வந்து திட்டுங்க. முதல்ல வண்டியில ஏறுங்க."

குருவி விளையாட்டு உடையின் மேல் ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள். வண்டியில் ஜட்ஜம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

சென்டரில் ஆஸ்பத்திரி கவுனை மாட்டிக்கொள்ளச் சொல்லி, பாதிச் சாய்த்துப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் தலையணை வைத்து, இரண்டு பக்கமும் எடுத்தாள். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்து நாய் கழுத்தில் பட்டியோடு நின்றது. படத்தை டாக்டருக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டு இரண்டே வரி சொன்னார். எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மூன்று மாதம் குதிக்கவே கூடாது.

"இருக்கா ஆன்ட்டி?" மேசையில் படுத்தபடியே குருவி கேட்டாள்.

"இருக்கும்மா. எலும்பு விரிசல் விட்டிருக்கு."

பயிற்சியாளர் வாசலில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான்... கட்டை மட்டும் பண்ணிட்டு..."

"ஒண்ணுகூட வேண்டாம் சார்" என்றாள் ஜட்ஜம்மா.

"நான் போகல மாஸ்டர்" என்றாள் குருவி. அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

குருவி ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று ஜட்ஜம்மா எதிர்பார்த்தாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

"புதன்கிழமை உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. நீ போட்டிக்குப் போகணும்னு... நான் பாக்கணும்னு ஆசை. அதான் போன் பண்ணல."

குருவி தலையை ஆட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"புதன்கிழமை வர்ற வரைக்கும் பயந்து பயந்து ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவைதான் கட்டையிலிருந்து சுத்தி இறங்கிட்டிருந்தேன் ஆன்ட்டி. படத்துல ஏதாவது இருந்தா நீங்க அப்படிச் சிரிச்சிருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். வியாழக்கிழமை முப்பது தடவை இறங்கினேன். நேத்து நாப்பது."

கவுனின் முடிச்சு முதுகுப்பக்கம் இருந்தது. எட்டாமல் தடவிக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மா அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"வேணாம், நானே பண்ணிக்கறேன்" என்றாள் குருவி.