ரேணுகாதேவி சொல்லாமல் விட்ட பெயர்

ரேணுகாதேவியைப் பற்றிப் பாலவனத்தத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் ஆறு வருஷமாக அவளும் நானும் சேலைப் பிரிவில் ஒன்றாக நின்றவர்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. குடிகாரப் புருஷன் வேண்டாமென்று பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு அண்ணன் ஜெயபாண்டி வீட்டில் இருந்தாள். தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வந்துபோகிற அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

போன வருஷம், ஆணும் பெண்ணும் பேசிப் பழகுகிற ஒரு ஆப்பில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே நான்தான். சும்மா சொல்லக்கூடாது, உஷாரான பிள்ளை. பெயரைப் பிரவீணா என்று போட்டாள், ஊர் மதுரை என்றாள். கடைப் பெயர், போன் நம்பர், தீர்த்துவிட்ட கதை எதையும் மூச்சுவிடவில்லை. ஆள் எப்படி என்று தெரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பாள்.

படம் மட்டும் அவளுடையது. பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, அண்ணன் இல்லாத நேரம், ஆட்டுக் கொட்டகை முன்னால் நான் எடுத்தது. இரண்டு கையிலும் குட்டியை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதையே போடு என்று பிடிவாதம் பிடித்தவளும் நான்.

ஒருவன் இரண்டு மாதம் நைச்சியமாகப் பேசினான். திடீரென்று நேரில் வா என்றான். கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். பயலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். எங்கள் பக்கம் விசேஷம் முடிந்த பிளக்ஸைத் தூக்கிப் போடமாட்டோம், கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டிவிடுவோம். அவள் தோளுக்குப் பின்னால் அண்ணன் மகளின் காதுகுத்து பிளக்ஸ். 'டிராக்டர் ஜெயபாண்டி, பாலவனத்தம்' என்று முழ நீள எழுத்து, கீழே நம்பர். எங்கள் கண்ணில்தான் அது படவே இல்லை. அந்த நாசமாய்ப் போனவன் அண்ணனுக்கே படத்தை அனுப்பிப் போன் போட்டு, உன் வீட்டுப் பெண் போனில் ஆள் பிடிக்கிறாள் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயபாண்டியை நறுக்கென்று நாலு கேட்டுவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன்.

அவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவள் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவள் சுவரோரம் நின்றாள், முகம் வீங்கியிருந்தது.

"இந்தப் படத்த எடுத்தது யாரு, இதெல்லாம் சொல்லிக்குடுத்தது யாருன்னு மூணு நாளா கேக்குறேன்," என்றார். "அத மட்டும் சொல்லு, வேலைக்குப் போகலாம்னுகூடச் சொல்லிட்டேன். வாயத் தெறக்க மாட்டேங்குறா. கூட வேல பாக்குறவுக நீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

நான் வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "அவுகளுக்கு என்ன தெரியும்? அவுக பாவம், பிள்ளகுட்டிக்காரி."

நாலு கேட்கப் போனவள் நான். என் புருஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் நினைப்பு ஓடியது. தெரியாது என்றேன்.

அவள் இடத்துக்குப் புதுப் பெண்ணைப் போட்டுவிட்டார்கள். சேலை மடிக்க அந்தப் பெண்ணுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.