ஆயுத பூஜைக்குக் கேட்ட கரண்ட்

தொழிற்பேட்டையில் காலியாகக் கிடக்கும் கூடத்தை ஒருநாள் உபயோகத்துக்குக் கேட்டு வரும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இது விதி. காக்களூரில் பேட்டை அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது இதைப் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். மனுதாரர் பெஞ்சு எவ்வளவு குறுகல் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

மனு என் தங்கை மகனுடையது. பேட்டையில் லேத் ஓட்டினான், வீட்டில் கிதார் வாசித்தான். அங்கேயே வேலை பார்த்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு வைத்திருந்தான். புரோக்ரெசிவ் மெட்டல் என்றான், ராக் இசையில் ஒரு தினுசாம். முதல் சிடியை வேப்பம்பட்டில் ஒரு மாடி அறையில், டிரம்ஸ் மேல் தலையணை போட்டுப் பதிவு செய்தார்கள். நாலு பேர் நாலு வேறு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் இருந்தது. தாளம் முன்னறிவிப்பில்லாமல் மாறியது. ஒரு பாட்டு முடிவதற்குள் என் காபி ஏடு கட்டிவிட்டது.

"நீளமா இருக்குடா" என்றேன்.

"போ மாமா, அதான் ஸ்டைலு."

அவர்களைத் திருத்தியது மின்தட்டுப்பாடு. அந்த வருஷங்களில் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒருநாள் மின் விடுமுறை. அவர்களுக்கும் அன்றுதான் லீவு. பிரஸ் மெஷின்களின் இடி ஓயும், ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கும் உயிர் இருக்காது. வாட்ச்மேன் தயவில் காலிக் கூடத்தில் உட்கார்ந்து, கரண்ட் இல்லாமலே பழகினார்கள். எலெக்ட்ரிக் கிதார் அப்போது கொசு அளவுக்குத்தான் பேசும். அது காதில் விழ வேண்டுமென்று டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினான். அப்போதுதான் ஒருவன் வாசிப்பது இன்னொருவனுக்குக் கேட்டது.

"டேய், இத்தினி நாளா நீ இத்தையா வாசிச்சிகினு இருந்த?" என்று டிரம்மர் என் தங்கை மகனைக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அதன் பிறகு பாட்டுகள் பாதியாகச் சுருங்கின. ஓரிடத்தில் நாலு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். அந்த மௌனத்தில், இசை தெரியாத எனக்கே மூச்சு நின்றது.

அதை, தலையணை போட்ட மாடி அறையில் அல்ல, பழகிய அந்தக் கூடத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். டிரம்மருக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது. தீபாவளிக்கு முன் கிளம்புகிறான். அதற்குள் மெஷினும் ஓய்ந்து கரண்டும் இருக்கும் நாள் ஒன்றுதான், ஆயுத பூஜை. காலிக் கூடம் என்பதால் ஃப்யூஸைக் கழற்றி வைத்திருந்தார்கள்; திரும்பப் போட அலுவலக அனுமதி வேண்டும். எனவே ஆடி பிறந்ததுமே மனு கொடுத்தோம்.

'உற்பத்திப் பொருள்' என்ற இடத்தில் தங்கை மகன் 'பாட்டு' என்று எழுதியிருந்தான். பாட்டு எந்தத் தொழிற்பிரிவு என்று விளக்கம் கேட்டார்கள். சத்தம் வருமா என்றும் கேட்டார்கள், நாளெல்லாம் தகரம் அடிக்கும் பேட்டையில். கோப்பு அடுத்து எந்த மேஜைக்குப் போகும், எங்கே படுத்துவிடும் என்று முன்கூட்டியே சொன்னேன். அப்படியே நடந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வேலை பழகியவர்தான் இப்போது அதிகாரி. எழுந்து நின்றார், டீ வரவழைத்தார். "சார், உங்களுக்குத் தெரியாத புரொசீஜரா?" என்றார். தெரியும் என்பதால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆயுத பூஜையன்று எல்லாக் கூடங்களிலும் சீரியல் பல்பு எரிந்தது. "பேப்பர் இல்லாம ஃப்யூஸ் போட்டா என் வேலை பூடும் சார்" என்றார் வாட்ச்மேன். அவர் சொன்னது சரி; நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டிரம்ஸுக்குச் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, கரண்ட் இல்லாமலே முழுவதையும் வாசித்தார்கள். செல்போனில் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்துக் கம்பெனி பூஜை மணியும் காக்காயும்தான் தெளிவாக விழுந்தன.

"ரூலு உங்களுதுதான சார்?" என்று டிரம்மர் சிரித்தான்.

"பதில் வரும்பா."

"வந்தா ஷார்ஜாவுக்கு அனுப்பிடுங்க. அங்க கரண்ட் கீதாம்."

ஐப்பசியில் அவன் போய்விட்டான். குழு அதோடு சரி. இன்று யாராவது கேட்டால் தங்கை மகன் எடுத்துக் காட்ட அந்த முதல் சிடிதான் இருக்கிறது. அவர்கள் வாசித்தது அப்படித்தான் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னால், மாமா அப்படித்தானே சொல்வார் என்கிறார்கள்.

மனுவில் கோரியபடி ஆயுத பூஜையன்று ஒருநாள் மட்டும் கூடத்தையும் மின்சாரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பதில், போகியன்று வந்தது.