ரஸலை பேஸ்பாலுக்குக் கூட்டிப் போனோம்

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழேகால் மணிக்குப் பிளானோவிலிருந்து புறப்பட்டோம். வண்டியில் மூன்று பேர். ஓட்டியவர் அருளப்பன். தூத்துக்குடிக்காரர், ரிச்சர்ட்சனில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் என்ஜினியர். பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா. பாளையங்கோட்டைக் கல்லூரி ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பின் இருக்கையில் நானும் ஒரு ஹாட்பாக்ஸ் இட்லியும். மதுரையில் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறேன். கோடை விடுமுறைக்கு இவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

போகிற இடம் சுகர் லேண்ட். ஹூஸ்டனைத் தாண்டித் தென்மேற்கே இருக்கிறது. பிளானோவிலிருந்து ஏறக்குறைய இருநூற்றெழுபது மைல். அங்கே ஒரு நண்பரைப் பார்த்து, அவரை ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போவது திட்டம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் டாலஸ் நகரம் பின்னால் போய் 45-ஆம் எண் ஃப்ரீவேயில் ஏறும் வரை அருளப்பன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"அந்த ஃப்ரெண்ட் வருவாரான்னே தெரியாதுடீ. டிக்கெட் மட்டும் வாங்கியாச்சு" என்றாள் ஸ்டெல்லா.

எனிஸ் என்ற ஊர் வந்தபோது சாலையின் இரு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுப் பூக்கள். போன மாதம் வந்திருந்தால் நீலப் பூ பார்த்திருக்கலாம் என்று ஸ்டெல்லா வருத்தப்பட்டாள். அந்தப் பூக்களுக்கு நடுவேதான் அருளப்பன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

நண்பரின் பெயர் ரஸல். தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடம் இவர்களுக்கு எதிர்வீடு. அருளப்பன் அமெரிக்கா வந்த புதிதில் லேஆஃபில் வேலை போய் வீட்டில் இருந்தபோது, "சும்மா உட்கார்ந்திருக்காதே, வா" என்று ஆர்லிங்டனில் இருக்கும் மைதானத்துக்கு இழுத்துப் போனவர் அவர்தான்.

"எனக்கு அப்ப பேஸ்பால் ஒண்ணுமே தெரியாது தேவி. ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவுல அவ்வளவு கேப் இருக்கும். பந்து போடுற பிச்சர் தொப்பியைத் தொடுவான், மண்ணைத் தட்டுவான், பேட்ஸ்மேன் வெளிய போய் கிளவுஸை அவுத்து மாட்டுவான். அந்த கேப்ல நாங்க பேசுவோம். விசா, வேலை, அவர் வொய்ஃபோட உடம்பு, எல்லாம் அங்கதான் பேசினோம். அதுக்கப்புறம் வருஷத்துக்குப் பத்து, பன்னெண்டு கேம் போயிருவோம்."

பிறகு விதி மாறியது. பந்து வீசுபவர் பதினைந்து விநாடிக்குள் வீச வேண்டும். ஓடிப்போய் மிதிக்கும் தளங்களில் ஆள் நின்றால் இன்னும் சில விநாடி கூடுதல். மைதானத்தில் எல்லோரும் பார்க்கும்படி கடிகாரம் வைத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. அருளப்பனுக்கு அது பிடித்தது. ரஸலுக்குக் கோபம். கடிகாரமே இல்லாத ஒரே விளையாட்டு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"நான் ஒருநாள் ஆர்கியூ பண்ணும்போது, பழைய கேமெல்லாம் போர் ரஸல்னு சொல்லிட்டேன். அப்புறம், இத்தனை வருஷம் என்கூட உட்கார்ந்தது உனக்கு போரான்னு கேட்டாரு. நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"அதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல அண்ணே?" என்றேன்.

"சொல்லிருக்கலாம்."

அடுத்த சில மாதங்களில் ரஸல் வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் சுகர் லேண்டுக்குப் போய்விட்டார். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், இவர்களும் அனுப்புவார்கள். அவ்வளவோடு நின்றுபோனது.

பத்து மணிக்கு மேடிசன்வில் பக்கம் பெட்ரோல் போட நின்றோம். பெட்ரோல் கேலன் இரண்டு டாலர் எழுபத்தொன்பது சென்ட். பங்க் கூரையின் நிழலில் நின்று இட்லி சாப்பிட்டோம். பக்கத்து பம்ப்பில் ஒரு பிக்கப் டிரக். ஓட்டுநர் ஹூஸ்டன் அணியின் தொப்பி போட்டிருந்தார். அருளப்பன் நேராக அவரிடம் போய், புது விதிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரிடம் அரசியல் பேசத் தயங்குகிறார்கள், பேஸ்பால் பேசத் தயங்குவதில்லை. டிரக்குக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "கடிகாரம் நல்லதுதான். என் பிள்ளைகள் ஆட்டம் முடியும் வரை முழித்திருக்கிறார்கள். ஆனால் ஓடிப்போய் மிதிக்கிற தளத்தைப் பெரிதாக்கினார்களே, அதைப் பார்த்தால் யாரோ பீட்சா டப்பாவைத் தரையில் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது."

ஸ்டெல்லா சிரித்ததில் அவர் உற்சாகமாகி இன்னும் நாலு விதிகளைத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஹன்ட்ஸ்வில் அருகே பைன் மரங்கள் ஆரம்பித்தன. ஹூஸ்டனுக்குள் ஒன்றே கால் மணி நேரம் நெரிசல். சுகர் லேண்டில் நாங்கள் அறை எடுத்திருந்த விடுதிக்குப் போகும்போது மணி ஒன்றரை. அறை நூற்றுப் பன்னிரண்டு டாலர். டெக்ஸஸ் என்றதும் நான் வறண்ட பூமியை நினைத்திருந்தேன். இங்கே தஞ்சாவூர்ப் பக்கம் போலப் புழுக்கம், வாய்க்கால், பச்சைப் பசேலென்ற புல்.

மாலை ஐந்து மணிக்கு ரஸலின் மகள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் ரஸலே. எழுபத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் ஊன்றுகோல். ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டார், என் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்தார். அருளப்பனிடம் கை மட்டும் குலுக்கினார். ஐஸ் டீ வந்தது. வெயில், முழங்கால், வீட்டு வரி, பிளானோவில் எந்தக் கடை மூடிவிட்டது என்று பேச்சு எல்லாவற்றையும் சுற்றியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு அருளப்பன் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ஒரு மணிக்கு இங்கே ஆட்டம் இருக்கிறது. நாலு டிக்கெட் வைத்திருக்கிறேன்."

"நான் இப்போதெல்லாம் போவதில்லை. உனக்குத் தெரியும்" என்றார் ரஸல்.

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "நான் மதுரையிலிருந்து வருகிறேன். பேஸ்பால் பார்த்ததே இல்லை. இவருக்கு விளக்கத் தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ரஸல் அருளப்பனைப் பார்த்தார். "அது உண்மைதான், இவனுக்கு விளக்கத் தெரியாது" என்றார். பிறகு, "முழங்கால் வலித்தால் பாதியில் கிளம்பிவிடுவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு மைதானத்தில் இருந்தோம். டிக்கெட் ஒன்று பதினெட்டு டாலர், பார்க்கிங் பத்து. இது பெரிய லீகுக்கு ஒரு படி கீழே உள்ள ஆட்டம். புது விதிகளைப் பெரும்பாலும் இங்கே பரிசோதித்துவிட்டுத்தான் மேலே கொண்டு போகிறார்கள். மைதானம் சிறியது, ஆடுபவர்களின் முகம் தெரியும். வெளிப்புறப் புல்மேட்டில் குடும்பங்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தன. எங்கள் நாலு இருக்கையில் ரஸலும் அருளப்பனும் அடுத்தடுத்து, அந்தப் பக்கம் ஸ்டெல்லா, இந்தப் பக்கம் நான்.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் முதல் மூன்று விறுவிறுவென்று போனது. ரஸல் எனக்குத்தான் விளக்கினார். விதி என்று சொல்லாமல், இப்போது அந்த வீரன் எதற்குப் பயப்படுகிறான், இவன் எதை ஒளிக்கிறான் என்று சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். ஒருமுறை எதிரணியில் மட்டை பிடித்தவர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் கையைக் காட்டினார். பந்தே வீசாமல் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக் ஏறியது; இப்படி மூன்று சேர்ந்தால் அவுட். எனக்கு வியப்பு தாங்கவில்லை.

"பார்த்தாயா? யாருமே எறியாத பந்து" என்றார் ரஸல் என்னிடம். அருளப்பன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பினார். மருத்துவமனையில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை மாலை டியூட்டி. "இந்தக் கடிகாரம் இல்லாவிட்டால் நான் ஆறாவது இன்னிங்ஸிலேயே எழுந்து ஓட வேண்டும். இப்போது முடிவு தெரிந்துகொண்டு போகிறேன்" என்றார். பீர் விற்றுக்கொண்டு வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் நஷ்டம். ஜனங்களுக்குத் தாகம் எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது" என்றார். ரஸல் சிரிக்காமல் ஒரு பீர் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது இன்னிங்ஸில்தான் அது நடந்தது. சுகர் லேண்ட் அணி ஒரு ரன் பின்னால். இரண்டு தளங்களில் ஆள் நிற்கிறார்கள், இரண்டு பேர் அவுட். ஆடுபவருக்கு இதுதான் கடைசிப் பந்து. நல்ல பந்தாக இருந்தால் அவுட், கெட்ட பந்தாக இருந்தால் ஒரு தளம் இனாம். பந்து வந்தது, அவர் மட்டையை வீசவில்லை. நல்ல பந்து, அவுட் என்று அம்பயர் கையை உயர்த்தினார். ஆடுபவர் நகரவில்லை. தன் ஹெல்மெட்டைத் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"என்ன செய்கிறான்?" என்றார் ரஸல்.

"சேலஞ்ச். அம்பயர் சொன்னது தப்புன்னு மெஷின்கிட்ட கேக்கிறான். தோத்தா டீமுக்கு ஒரு சேலஞ்ச் போயிரும்" என்று அருளப்பன் எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே ரஸலுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

மைதானமே பெரிய திரையைப் பார்த்தது. ஒரு கட்டம், அதை நோக்கி மிதந்து வரும் பந்து. கட்டத்தின் ஓரத்தைத் தொடாமல் ஒரு மயிரிழை வெளியே நின்றது. கூட்டம் கத்தியது. அவுட் இல்லை.

ரஸல் ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். "ஐம்பது வருஷம். ஐம்பது வருஷமாக அந்த ஓரத்துப் பந்துக்காக அம்பயர்களைத் திட்டியிருக்கிறேன். ஒருத்தன் தலையைத் தட்டினால் போதுமா? இது எப்போது வந்தது? ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்களே" என்றாள் ஸ்டெல்லா.

வேடிக்கை என்னவென்றால், அருளப்பனின் முகம் சிவந்திருந்தது. "எனக்கு இது பிடிக்கவே இல்லை ரஸல். அம்பயர் மனுஷன். தப்பு பண்ணுவான். அதுவும் ஆட்டம்தான். பந்துக்குப் பந்து மெஷினைக் கேட்டால் அங்கே எதற்கு ஒரு ஆள் நிற்க வேண்டும்?"

"கடிகாரம் வைக்கலாம், மெஷின் கண் வைக்கக் கூடாதா?"

"கடிகாரம் யாரையும் அவமானப்படுத்தவில்லை."

"என்னை அவமானப்படுத்தியது" என்றார் ரஸல்.

அடுத்து வந்தவர் அடித்த பந்தில் இரண்டு ரன் வந்தது. அவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்களா என்பது சந்தேகம். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ் முழுக்க வாதம். பந்து வரும்போது நிறுத்துவார்கள், அது முடிந்த கையோடு தொடர்வார்கள். பதினைந்து விநாடியில் எவ்வளவு சண்டை போடலாம் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். நர்ஸ் ஒருமுறை திரும்பி, "இவர்கள் சகோதரர்களா?" என்று என்னிடம் கேட்டார்.

எட்டாவது இன்னிங்ஸில் அருளப்பன் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "ரஸல், அன்றைக்கு நான் போர் என்று சொன்னது..."

"தெரியும்."

"உங்களோடு உட்கார்ந்ததைச் சொல்லவில்லை."

"தெரியும் என்கிறேன். எனக்கும் போன் இருந்தது, நானும் கூப்பிடவில்லை. இப்போது பேசாதே, பந்து போடப்போகிறான்."

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஸ்டெல்லா மிக அக்கறையாக மைதானத்தைப் பார்த்தாள்.

ஆட்டம் மூன்றரைக்கு முடிந்தது. சுகர் லேண்ட் ஜெயித்தது. நர்ஸ் கையசைத்துவிட்டு டியூட்டிக்கு ஓடினார், கூட்டம் வாசலுக்குப் போனது. ரஸல் எழவில்லை. முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லை. முன்பு என்றால் இந்நேரம் ஏழாவது இன்னிங்ஸ்தான் நடந்துகொண்டிருக்கும். அது முடிகிற நேரம் வரை உட்காரலாம்" என்றார்.

உட்கார்ந்தோம். மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள், கடலைத் தோலைக் கூட்டித் தள்ளினார்கள். ரஸல் தன் மனைவியின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னார். அருளப்பன் தன் அலுவலகத்தில் மறுபடி ஆள் குறைப்பு வரலாம் என்ற பயத்தைச் சொன்னார். ஸ்டெல்லாவுக்கே அது புதுச் செய்தி. அவள் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டுகிற பெண் எங்கள் வரிசைக்கு வந்து, எங்களை எழுப்பாமல் அடுத்த வரிசைக்குப் போனாள். ஐந்து மணி அளவில்தான் எழுந்தோம்.

வாசலில் ரஸல் டிக்கெட் கவுன்டரை நோக்கி நடந்தார். அடுத்த மாதத்து ஆட்டம் ஒன்றுக்கு மூன்று டிக்கெட். "நீ யோசிக்கவே வேண்டாம், வந்து சேர்" என்றார் அருளப்பனிடம்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அருளப்பன் என்னை டாலஸ் விமான நிலையத்தில் விட வந்தார். ஊருக்குப் போனால் ஐந்து நாள் கிரிக்கெட்டைத் தொலைத்துவிட்டு இருபது ஓவரில் உட்கார்ந்திருக்கும் மாமாக்கள், சித்தப்பாக்கள் எங்கள் வீட்டில் நிறையப் பேர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கிரிக்கெட் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாக டிவி முன்னால் உட்காருகிறவர்கள். விதி மாறும்போது அவர்கள் எதற்காக அப்படிக் கத்துகிறார்கள் என்று இதுவரை நான் யோசித்ததில்லை. அந்தப் பழைய ஆட்டங்களை அவர்கள் கூட உட்கார்ந்து பார்த்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அருளப்பன் கேட்டார். "சொல்லுங்க தேவி. நியூட்ரலா சொல்லணும். கிளாக் வேணுமா, வேண்டாமா? சேலஞ்ச் வேணுமா, வேண்டாமா?"

"கிளாக்ல நான் ரஸல் பக்கம். சேலஞ்ச்ல உங்க பக்கம் அண்ணே."

"அப்ப நீங்க எங்க ரெண்டு பேருக்குமே எதிரி" என்றார். "அடுத்த வருஷம் கண்டிப்பா வரணும்."