விரல் தேடும் மேடு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மிஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்வது அவள் உத்தியோகம். எதிரே இருப்பவர் எந்த வேகத்தில் பேசினாலும், அழுதுகொண்டே பேசினாலும், பேச்சு நின்ற அரை நொடியில் அவள் விரலும் நிற்கும். இருபத்தாறு வருஷமாக அவள் கீபோர்டைக் குனிந்து பார்த்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். உண்மையில் அது பழக்கம், அவ்வளவுதான். செருப்பைப் பார்க்காமல் காலை நுழைக்கிற மாதிரி. ஆனால் கடந்த ஏழு மாதமாக அந்தப் பழக்கத்தின் தயவில்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் கண் டாக்டர் சொன்னார்: "நடுப்பார்வை தேஞ்சுகிட்டு வருதும்மா. ஓரப்பார்வை இருக்கும். நடக்கலாம், சமைக்கலாம். படிக்கறதுதான் சிரமம்."

யாரை நேராகப் பார்த்தாலும் அந்த முகத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை போல எதுவோ அப்பிக்கொண்டிருந்தது. காது தெரியும், மூக்கு தெரியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவனிடம் கூட அவள் இதைச் சொல்லவில்லை. கழுத்து வலி என்று சொல்லி அலுவலகத்தில் நாற்காலியைச் சாய்வாகப் போட்டுக்கொண்டாள். பெரிய திரையில் எழுத்தை இன்னும் பெரிதாக்கி, ஓரக்கண்ணால் இரண்டு வரியை ஒப்பேற்றினாள். பார்வை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது, ஆனால் அது தூரத்தில் இருந்தது. தனக்குத் தெரியவில்லை என்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவளோடு எழுந்து, அவளோடு பஸ் ஏறி, அவளோடு நாற்காலியில் உட்கார்ந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் வந்தது சுற்றறிக்கை. திங்கள்கிழமை முதல் அடிபட்டவர்கள் அலுவலகத்துக்கு வர வேண்டாம். தட்டச்சர்கள்தான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் பட்டறைக்கும் போக வேண்டும். டேப்லெட்டை அலுவலகம் தரும். அதோடு சேர்கிற, கீபோர்டு பதித்த கவரை அவரவர் கைக்குத் தோதாகப் பார்த்து, மாடல் எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும், வாங்கித் தருவார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எண் வந்தாக வேண்டும்.

எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு இல்லை. உள்ளங்கை அகலத் திரையில், மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்க்க, எதை ஓரக்கண்ணால் ஒப்பேற்றுவது? கை மட்டும் பிசகாத ஒரு கீபோர்டு கிடைத்துவிட்டால் இன்னும் ஒரு வருஷமாவது தள்ளிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த ஒரு கவரில்தான் தன் வேலையே தொங்குகிறது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் கடைக்குக் கிளம்பும்போது நாத்தனாரும் ஒட்டிக்கொண்டாள். மாடி வீட்டில் இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுப்பவள். அவள் கண்ணுக்கு ஒரு நூல் கோணலாக ஓடினாலும் தப்பாது.

"என்ன அண்ணி, படியைத் தடவித் தடவி ஏறுறீங்க? புதுப் பொண்ணு மாதிரி."

"முழங்கால் வலிடி."

"போன வாரம் கழுத்து, இந்த வாரம் முழங்கால். அடுத்த வாரம் என்னன்னு இப்பவே சொல்லிடுங்க, நான் தைலம் வாங்கி வெச்சிடறேன்."

செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் கடை. கண்ணாடி மேசை, அதன் மேல் குழல் விளக்கு. வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததில் அவளுக்கு அந்த மேசையே ஒரு வெள்ளைக் குளமாகத் தெரிந்தது. அலுவலகம் முன்கூட்டியே கொடுத்திருந்த டேப்லெட்டை அவள் எடுத்து வைத்தாள். கடைக்காரர் அதற்குப் பொருந்துகிற கவர்களைக் கொண்டுவந்து பரப்பினார்.

முதலாவது துணி ஒட்டிய, மெல்லிசான கவர். விசைகள் பாயில் அச்சடித்த கட்டம் போலத் தட்டையாகக் கிடந்தன. எது எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. "இதுதான் மேடம் இப்ப எல்லாரும் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர். எல்லாரும் பார்த்து அடிப்பவர்கள். அவள் அதை ஒதுக்கினாள். அடுத்தது நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது; சுண்டுவிரல் பக்கத்து வீட்டுக்குப் போனது. மூன்றாவதில் கை வைத்ததும் அவளுக்கு உயிர் வந்தது. விசைகள் குழிந்து, விரல் நுனியை ஏந்திக்கொண்டன. இரண்டு ஆள்காட்டி விரலும் உட்கார வேண்டிய இடத்தில் விசை மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்க்காமல் அடிப்பவர்களுக்கு அதுதான் வாசற்படி. இதில் அந்த மேடு நன்றாகப் புடைத்துக்கொண்டு, தேடுவதற்கு முன்னாலேயே விரலுக்கு வந்து நின்றது.

"ஏதாவது சொல்லுடி, அடிச்சுப் பார்க்கறேன்."

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எழுதிக்கோங்க. என் புருஷன் குறட்டை விடறதுனால மூணு வருஷமா எனக்குக் காது மந்தமாயிடுச்சு. இதுவும் வேலை செய்யற இடத்துல பட்ட காயம்தான், ஏன்னா அந்த வீட்டுல இருபத்திநாலு மணி நேரமும் வேலை செய்யறவ நான் ஒருத்திதான். ஆகையினால எனக்கு நஷ்ட ஈடா ரெண்டு நாள் லீவும், ஒரு கதவு வெச்ச தனி ரூமும் தரணும்."

கடைக்காரர் சிரித்தார். மிஷின் அக்காவும் சிரித்துக்கொண்டே அடித்தாள். விரல் பறந்தது.

"ஆபீஸ்ல மாதிரி படிச்சுக் காட்டுங்க அண்ணி. அப்பதான் கையெழுத்துப் போடுவேன்."

அது அவர்கள் தொழிலின் முறை. வாக்குமூலம் முடிந்ததும் தட்டச்சு செய்தவரே அதை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் சரி என்றால் கடைசியில் 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரி அடித்து, கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். மிஷின் அக்கா திரையைப் பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்தாள். குறட்டை, காது, லீவு, கதவு வெச்ச ரூம் வரை.

நாத்தனார் சிரித்தபடியே திரைப் பக்கம் குனிந்தாள். சிரிப்பு நின்றது.

"அண்ணி, இதுல அப்படி ஒண்ணுமே இல்லையே."

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "அட, எழுத்தெல்லாம் மாறி மாறி விழுந்திருக்கு. இந்தக் கம்பெனிக்காரன் மேட்டை ஒரு கீ தள்ளி வெச்சிருக்கான் மேடம். பார்த்து அடிக்கறவங்களுக்கு அது தெரியாது." பிறகு அவருக்கும் எதுவோ இடித்தது. "ஆனா நீங்க படிச்சீங்களே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேட ஆரம்பித்தார்.

மேசையின் விளிம்பை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதம் மூடி வைத்தது ஒரு குறட்டைக் கதையில் திறந்துவிட்டது.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியல. இல்லையா? எவ்வளவு நாளா?"

"ஏழு மாசம்."

"அண்ணனுக்கு?"

"யாருக்கும்."

"அடிப்பாவி அண்ணி." திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் தூசி தட்டிய ஒரு பெட்டியோடு வந்தார். பழைய மாடல், கனம் ஜாஸ்தி, யாரும் வாங்குவதில்லை என்றார். தொட்டவுடனேயே தெரிந்தது, மேடு சரியான விசையில் இருந்தது. ஒவ்வொரு விசைக்கும் இடையில் பள்ளம் இருந்தது. நாத்தனார் அதே குறட்டை வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல, அவள் அடித்தாள். "அப்படியே இருக்கு, ஒரு புள்ளி பிசகல" என்றாள் நாத்தனார். பிறகு காதோடு காதாக, "இதையே எடுத்துக்கோங்க. கை சரியா உட்காருது. நான் வாயைத் திறக்க மாட்டேன், யாருக்கும் தெரியாது" என்றாள்.

தேடி வந்தது இதைத்தான். அரை மணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பாள். ஆனால் இப்போது அவள் அந்தக் கனமான கவரை மடியில் வைத்துக்கொண்டு வேறொரு கீபோர்டை நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவளுடைய கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. புதுசு வரும்வரை ஒரு வாரம் பக்கத்து அறையிலிருந்து இரவல். அதன் மேடுகள் தேய்ந்து வழவழவென்று கிடந்தன. ஓரத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு வந்துதான் கையை வைப்பாள். அந்த வாரத்தில்தான் மர அறுவை ஆலையில் கூலி வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். வலது கையில் இரண்டு விரல் போனவள். ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று சொல்லும்போது அழுதாள். மிஷின் அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு திரும்பக் கையை வைத்தாள். ஓரத்திலிருந்து எண்ணினாளா? அது நினைவில்லை. அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது, இது மட்டும் இல்லை. வாசித்துக் காட்டியது நினைவிருந்தது. இன்று நாத்தனாருக்கு வாசித்த மாதிரியே, மனசிலிருந்து வாசித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், "ஆமாங்க, அப்படியேதான்" என்று இடது கட்டைவிரலை மையில் தோய்த்தாள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

இதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. தன்னைப் பற்றிய பயத்தில் ஒரு சௌகரியம் உண்டு, அதை மூடி வைக்கலாம். அடுத்தவர் கைரேகை வைத்த தாளை எப்படி மூடி வைப்பது? வியாழக்கிழமை அந்தக் கோப்பு தீர்ப்புக்குப் போகிறது.

"ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்" என்றாள். "வா."

கடைக்காரர் மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்.

கோப்பை வெளியாள் தொடக் கூடாது. நாத்தனார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் படிக்கக்கூடியவர் ஒருவர்தான். பதிவறையில் கேட்டு வாங்கிய கோப்போடு விசாரணை அதிகாரியின் கதவைத் தட்டினாள். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மிஷின் அக்காவாக இருக்கப் போவதில்லை.

"கவர் நம்பர் கொடுக்க வந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க ஐயா. இந்தக் கோப்பை நீங்க படிக்கணும். எனக்குப் படிக்க முடியல. ஏழு மாசமா எனக்கு எழுத்துத் தெரியல. போன மாசம் இரவல் கீபோர்டுல அடிச்ச வாரத்துல எடுத்த வாக்குமூலம் இது."

அவர் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தை முணுமுணுப்பாகப் படித்தார். சரியாக இருந்தது. தாள் புரளும் சத்தம். இரண்டாம் பக்கம். "...மூடி இருந்தால் வேலை மெதுவாகிறது என்று..." அவர் குரல் நின்றது. வெளியே யாரோ பீரோவை இழுத்து மூடினார்கள். அவர் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

"எத்தனை வரி ஐயா?"

"ஒன்பது. அதுக்கப்புறம் சரியாகுது." விரலை அந்த வரிகளில் ஓட்டிவிட்டு, "கழற்றச் சொன்னது யாருங்கற இடம்தான் போயிடுச்சு" என்றார்.

அவள் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மேஸ்திரி சொன்னது, முதலாளியின் மருமகன் பக்கத்தில் நின்றது, எல்லாம். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "உங்க ஞாபகம் சாட்சி ஆகாதும்மா."

பிறகு அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே கைரேகை இருக்கும், அதன் கீழே 'என் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டது' என்று இருக்கும், அதன் கீழே அவர் கையெழுத்து இருக்கும். அன்றைக்கு அவர் அந்த அறையில் இல்லை. சாயங்காலம் கட்டாக வந்த தாள்களில் ஒன்றாக இதிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக எல்லா அதிகாரிகளும் அப்படித்தான் போட்டார்கள். மிஷின் அக்கா அடித்ததை யார் சரிபார்ப்பார்கள்?

"இது வேற யாருக்குத் தெரியும்?" அவர் கேட்ட விதத்தில் அவள் நிமிர்ந்தாள். அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஏழு மாதமாக அவளுக்குள் பேசிக்கொண்டிருந்த அதே குரல்.

"வெளியில பெஞ்சுல என் நாத்தனார் உட்கார்ந்திருக்கா. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா பாதித் தெருவுக்குத் தெரிஞ்ச மாதிரி ஐயா."

அது முழு உண்மை இல்லை. ஆனால் அவர் இதை மூடிவிடாமல் இருக்க வேறு வழியும் தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. "திங்கட்கிழமை உங்களை இந்த வேலையில வெக்க முடியாது. அதுக்கப்புறம் என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது. என்னை என்ன செய்வாங்கன்னும் தெரியல."

"சரிங்க ஐயா. அந்தப் பொண்ணை மறுபடி கூப்பிடணும். வியாழக்கிழமைக்குள்ள."

அவர் கோப்பை மூடி ஓரமாகத் தள்ளினார். அவள் போகவில்லை. கடைசியில் மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, எழுதத் தொடங்கினார்.

"எழுதறதை உரக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள்.

அவர் பேனா நின்றது. பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, சொல்லிக்கொண்டே எழுதினார். மர அறுவை ஆலைப் பெண்ணின் பெயர், முகவரி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

"அந்த வாரம் இன்னும் எத்தனை கோப்பு?" என்று கேட்டார்.

"பத்து."

அவள் பதிவறைக்குத் திரும்பி நடந்தாள், ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.