கடைசிப் பக்கம் யார் ஷிஃப்டில்?

புத்தகத்தில் பக்கங்கள் அதிகம் மிச்சமில்லை. துரைக்கண்ணு அண்ணன் சர்வீஸிலும் நாட்கள் அதிகம் மிச்சமில்லை. இரண்டையும் ஒரே நாளில் முடித்து வைக்க நானும் மணிமாறனும் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் கூடி வந்து, அண்ணனின் கடைசி டியூட்டி நாள் விடிகிற நேரத்தில் மணிமாறனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, நேத்து நைட்டு என் ஆஃபுக்குப் பதிலா வந்த செந்தில்கிட்ட விசயத்தைச் சொல்லிட்டீங்கல்லங்க?”

“நீ சொல்லலையா?”

“நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டனுங்க.”

நானும் அவன் சொல்லியிருப்பான் என்றுதான் இருந்துவிட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அன்று என் டியூட்டி மதியம்தான். ஆனாலும் காலை ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும்.

ஒரு புத்தகத்துக்காக இப்படி ஓடுவார்களா என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வேலையின் வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

சார்ஜ்

நான் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனவன். பெயர் கோமதிநாயகம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடும் நீண்ட பெல்ட்களை, பேனல் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவதும் நிறுத்துவதும் கண்காணிப்பதும் எங்கள் வேலை. காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சீனியர் ஒருவர் என்னை உட்கார வைத்துச் சொன்னது இது: “ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காம சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்த ரோலர் சத்தம் போடுது, மண் இறங்குற எந்த சூட் அடைக்குது, எதையும் மறைக்கக் கூடாது. வந்தவன் ‘எடுக்க மாட்டேன்’னு சொல்லிட்டான்னா, சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் நீ பஸ் ஏறணும்.”

ரிலீவர் என்றால் அடுத்த ஷிஃப்டுக்கு வந்து நம்மை விடுவிப்பவர். பொறுப்பை ஒப்படைப்பதுதான் சார்ஜ் கொடுப்பது. ‘எடுக்க மாட்டேன்’ என்பது எங்கள் தொழிலில் கெட்ட வார்த்தைக்குச் சமம். யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். துரைக்கண்ணு அண்ணன் சொல்லி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்த நாள் அது. அவ்வளவு சாதுவான மனிதர் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நூற்றுப் பத்தில் விட்ட புத்தகம்

எனக்கு டிபன் நேரத்தில் படிக்கிற பழக்கம் உண்டு. பக்கத்து பேனல்காரர் பார்த்துக்கொள்வார், ரெஸ்ட் ரூமில் சாப்பிட்டுக்கொண்டே பத்துப் பக்கம் ஓடும். ஒரு நாள் புத்தகத்தை டிபன் பாக்ஸ் அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் போனால், துரைக்கண்ணு அண்ணன் பேனலில் இருந்து எழுந்து சார்ஜ் கொடுக்கிறார். பெல்ட் விவரமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அதே மூச்சில் சொன்னார்:

“அப்புறம் கோமதி, உன் பொஸ்தகம் நூத்திப் பத்துல நின்னுக்கினு இருந்துச்சி. நூத்தி இருவத்தெட்டு வரைக்கும் ஓட்டியிருக்கேன்யா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் வைத்திருந்த அடையாளச் சீட்டை வேறு நகர்த்தி வைத்திருந்தார். “யாரைக் கேட்டு ஓட்டினீங்க?” என்றேன்.

“கோச்சுக்காத. இன்னா நடந்துச்சின்னு சொல்றேன், நீ அங்கேர்ந்து எடுத்துக்கோ” என்று ஆரம்பித்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கூத்துப் பார்த்து வளர்ந்த தொண்டை. கதாநாயகிக்கு ஒரு குரல், அவள் மாமனாருக்கு ஒரு குரல், மாமனார் வீட்டு மாட்டுக்கு ஒரு குரல். கேட்டு முடித்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை. பின்னால் போய் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதுதான் நன்றாக இருந்தது.

இரவு ஷிஃப்டுக்கு வந்த மணிமாறன், “என்னங்கண்ணா சிரிச்சுட்டு இருக்கீங்க?” என்று கேட்டான். அவன் ஈரோட்டுக்காரன். அவனுக்கும் சொன்னேன், அவனும் சேர்ந்துகொண்டான். இப்படித்தான் ஒரே புத்தகம் மூன்று ஷிஃப்டும் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதான் படிப்போம், மிச்சத்தை சார்ஜில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

விதி இரண்டுதான். புத்தகம் ரெஸ்ட் ரூமைத் தாண்டி பேனல் பக்கம் வரக் கூடாது. சார்ஜில் முதலில் மிஷின், அப்புறம்தான் கதை. அடுத்த புத்தகத்தை முறை வைத்துச் சிபாரிசு செய்வோம். சிபாரிசு செய்பவர் ஷிஃப்ட் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கியாரண்டி கொடுக்க வேண்டும். புத்தகம் சொதப்பினால் மூன்று பேருக்கும் அவர் செலவில் பஜ்ஜி.

பஸ்ஸில் இந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்ததும் மற்றவர்களும் விடவில்லை. “இப்ப என்ன ஓடுது?” என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். “எங்க வீட்டுக்காரி ஒண்ணு படிக்கிறா, சோறு வைக்க மறந்துட்டா, அந்த அளவுக்கு நல்லா இருக்காம்” என்று ஒரு ஃபிட்டர் சிபாரிசு செய்தார். அதைவிட நல்ல கியாரண்டியை நான் கேட்டதில்லை. உடனே அதை வாங்கிப் போட்டோம்.

ஷிஃப்ட் இன்ஜினியர் ஒரு நாள் வந்து நின்றார். “என்னய்யா, இது மைன்ஸா லைப்ரரியா?” என்றார். அந்த நேரம் துரைக்கண்ணு அண்ணன் மிஷின் சார்ஜை முடித்துவிட்டு, எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினியரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இன்ஜினியர் பேனலை ஒரு சுற்றுப் பார்த்தார், கேள்வி கேட்டார், எல்லாம் சரியாக இருந்தது. போகிறவர் வாசலில் திரும்பி, “சரி, அந்தப் பொண்ணு கிணத்துக்கிட்ட போச்சே, அப்புறம் என்னாச்சு?” என்றார்.

பாயசம் கிடைக்காதவர்

இத்தனையிலும் அண்ணனுக்கு ஒரு குறை. எத்தனையோ புத்தகம் ஓட்டியிருக்கிறோம், ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கமும் அவர் ஷிஃப்டில் வந்ததில்லை. அவர் நிதானமாகப் படிப்பவர். மணிமாறனோ பக்கம் பக்கமாக விழுங்குபவன். முடிவு நெருங்கினால் ஒரே டிபனில் ஏப்பம் விட்டுவிடுவான். சார்ஜ் கொடுக்கும்போது, “அவ போயிட்டாளுங்க. முடிஞ்சுதுங்க” என்பான். அவ்வளவுதான் அவன் கதை சொல்லும் லட்சணம்.

“திருப்பிப் படிக்க வேண்டியதுதானே?” என்று கேட்டால் அண்ணன் முகம் சுருங்கிவிடும். பெல்ட் ஓடுவதற்கு முன்னால் ஆட்களை எச்சரிக்க சைரன் அடிப்போம். “முடிவு தெரிஞ்சப்புறம் படிக்கிறது, பெல்ட்டு ஓடனப்புறம் சைரன் அடிக்கிற மாதிரிடா. பந்தியில எனக்கு மட்டும் பாயசம் வர்றதுக்குள்ள இலைய எடுத்துடுறானுங்க” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. கடைசிப் புத்தகமாக ஒரு நாவலை அவரே சிபாரிசு செய்தார். “ஒரே ஒரு முடிவாவது யாரும் சொல்லாம நானே பாத்துட்டுப் போவணும்யா” என்று பஸ்ஸில் சொன்னார்.

நாடகக் கம்பெனியில் சமைக்கிற ஓர் அம்மாவின் கதை அது. சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன மகன் எந்த ஊரிலாவது வந்து நிற்பான் என்று தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாகப் பொங்குகிறாள். மகன் வருவானா மாட்டானா என்பதுதான் புத்தகம் முழுக்க. எங்கள் பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அண்ணன் வருவான் கட்சிக்குத் தலைவர். நான் வர மாட்டான் கட்சி.

கடைசிப் பக்கம் அண்ணனின் கடைசி டியூட்டியில் வர வேண்டும் என்று நானும் மணிமாறனும் முடிவு செய்தோம். கடைசி வாரம் அவர் காலை, நான் மதியம், மணி இரவு. நாங்கள் இரண்டு பேரும் பிரேக் பிடித்துப் படித்தோம். மணிக்கு ஒரு டிபனுக்கு இரண்டே பக்கம். பசித்த பிள்ளை கையில் ஒற்றை முறுக்கைக் கொடுத்து, பொழுது சாயும்வரை வைத்துத் தின்னச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவன் நிலைமை. வேறு வழியில்லாமல் படித்த இரண்டு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தான். ஒரு நாள் எனக்கு போன் செய்து, “அண்ணா, அந்தம்மா சோத்தை மூடி வெக்கிற தட்டு அந்தப் பையனோடதுங்க. இவ்வளவு நாளா கவனிக்கவே இல்லீங்க” என்றான்.

இவ்வளவும் செய்துவிட்டு, மணியின் வார ஆஃபுக்குப் பதிலாக வந்த செந்திலிடம் மட்டும் சொல்ல மறந்தோம். ஆயுள் முழுக்க சார்ஜ் கொடுத்தே பழகிய இரண்டு பேர் ஒப்படைக்க மறந்தது அந்த ஒரே ஒரு வரியை.

எடுக்க மாட்டேன்

பஸ்ஸில் அண்ணன் சலவை மடிப்புக் கலையாத யூனிஃபார்மில், மடியில் ஸ்வீட் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். “இன்னா கோமதி, உனக்கு மதியம்தான?” என்றார். தூக்கம் வரவில்லை என்று சமாளித்தேன். பஸ் நின்றதும் நான் முன்னால் ஓடியும் பயனில்லை. நான் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழையும்போதே அண்ணனும் பின்னால் வந்துவிட்டார். பேனல் சீட்டில் இருந்த செந்தில் பல்லெல்லாம் தெரியத் திரும்பினான்.

“துரைண்ணே, மிச்சம் இருந்ததை ஒரே மூச்சுல முடிச்சிட்டேண்ணே. என்னா முடிவு தெரியுமா, அந்தப் பையன்...”

“செந்தில், மிஷின் முதல்ல” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பேனல்காரர் எழுந்துவிட்டார்.

செந்தில் ஒன்றும் புரியாமல் பெல்ட் விவரத்தைச் சொன்னான். அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ரீடிங் பார்த்தார். “மிஷின் சார்ஜ் எடுத்துக்கினேன்” என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். பெல்ட் ஒதுங்கி ஓடிய அன்றைக்கு நின்ற அதே நிலை.

“பொஸ்தக சார்ஜ் எடுக்க மாட்டேன்.”

செந்திலுக்கு வியர்த்துவிட்டது. “அண்ணே, அப்ப நான் எப்படிப் போறது? பஸ்ஸு போயிடும்ணே.”

நான்தான் தீர்ப்புச் சொன்னேன். முறையாகக் கடைசியாக சார்ஜ் கைமாறியது எனக்கும் செந்திலுக்கும் நடுவில், ராத்திரி நான் கிளம்பியபோது. செந்தில் படித்தது கணக்கில் வராது. அடையாளச் சீட்டை நான் விட்ட பக்கத்துக்கே நகர்த்தி வைத்துவிட்டு அவன் வாயைத் திறக்காமல் போகலாம்.

அண்ணன் தலையாட்டினார். “சீக்கிரம் இட்டுக்கினு போ கோமதி. அவன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செந்தில் முகத்தைத் துண்டால் மூடி, தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். எங்களைப் பார்த்த பஸ் டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு வார்த்தை

டிபன் நேரத்தில் அண்ணனைத் தவிர ரெஸ்ட் ரூமில் யாரும் உட்காரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்துவிட்ட நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. விரலை வரி மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் புத்தகத்தை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்ணாடிக்கு வெளியே இருந்து தெரியவில்லை.

மதியம் சார்ஜ் எடுக்க நான் சீட்டருகே போனபோது மணிமாறன், செந்தில், ஃபிட்டர், இன்ஜினியர் எல்லோரும் மாலையோடு நின்றார்கள். வழியனுப்பு விழாவுக்கு வந்தவர்கள்தான். ஆனால் எல்லோர் காதும் கதைக்குக் காத்திருந்தது. இது அண்ணனின் கடைசி சார்ஜ். எத்தனை குரலில் சொல்லப்போகிறாரோ என்று நானும் காத்திருந்தேன்.

பெல்ட் விவரத்தை ஒன்று விடாமல் சொன்னார். இரண்டாவது சூட்டில் ஈர மண் ஒட்டுகிறது, ஒரு கண் வைத்துக்கொள் என்றார். பிறகு, அன்று ஒரு நாள் மட்டும் விதியை மீறிப் பேனல் பக்கம் கொண்டுவந்திருந்த புத்தகத்தை என் கையில் வைத்தார்.

“படிச்சுப் பாரு.”

“அவ்வளவுதானாண்ணே?”

“அவ்ளோதான். இத்தினி நாளா ஒங்க பாயசத்தையெல்லாம் நானும் கதை சொல்லிச் சொல்லியே கீழ ஊத்திக்கினு இருந்தேன்யா. இத நான் ஊத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவருக்குச் சொல்லக் கிடைத்த ஒரே முடிவு அது. அதை அவர் சொல்லவில்லை. மாலை போடக்கூட மறந்து எல்லோரும் புத்தகத்துக்காக முண்டியடித்தார்கள்.

அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த பிரியத்தை எழுதத் தெரியவில்லை. அந்த நாவலை நாங்கள் ஒவ்வொருவரும் முதல் பக்கத்திலிருந்து முழுசாகப் படித்தோம். மூன்றில் ஒரு பங்குக்காரர்களான எங்களுக்கு, சேர்ந்து ஓட்ட ஆரம்பித்த பிறகு அதுதான் முதல் முழுப் புத்தகம்.

இப்போது பஸ்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. யார் என்ன படிக்கிறார்கள் என்று காலை ஷிஃப்ட் நேரத்தில் பதிவு வரும். அண்ணன் குறிஞ்சிப்பாடியிலிருந்து அட்டைப் படத்தைப் போட்டு, கீழே இரண்டே வார்த்தை எழுதுவார். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மிஷினை ஒப்படைக்கும்போது எதையும் மறைக்காதீர்கள். புத்தகத்தை ஒப்படைக்கும்போது கடைசிப் பக்கத்தைச் சொல்லாதீர்கள். அந்த நாவலின் பெயரை நான் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். நெய்வேலி வந்து காலை ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடத்தில் யாரிடமாவது கேளுங்கள், பெயரைச் சொல்வார்கள். மகன் வந்தானா என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ்ஸே கையைக் கட்டிக்கொள்ளும்.