புதன்கிழமை மாலைப் பதினோரு விரல்கள்

வாராவாரம் வீட்டில் கூடிச் செபிக்கும் நம் அன்பியத்துச் சொந்தங்களே, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறாமலேயே இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு இதயம் பலவீனம். போன தவக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன மெஷின் கொடுத்தார்கள். அதன் கிளிப்பைக் காலையும் மாலையும் விரலில் மாட்டினால், நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் போன் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போய்விடும். அங்கே ஒரு நர்ஸ் பார்ப்பார். செலவு அரசுக் காப்பீட்டில்.

ஒரு மாதம் கழித்து, "நோயாளி நலம், கண்காணிப்பு தேவையில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மெஷினைத் திருப்பித் தர வேண்டுமாம். மூன்று படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷன் நலமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பீட்டு அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரீடிங் சராசரி நார்மலா இருக்கும்மா. வீட்ல வச்சுப் பாக்குறதுக்கு இனி குடுக்க முடியாது. முடியலைன்னா கொண்டாந்து பெட்ல சேத்துருங்க, அதுக்குக் குடுப்போம்."

சாகக் கிடந்தால் கொடுப்பார்களாம். சாகாமல் பார்த்துக்கொள்ளக் கொடுக்க மாட்டார்களாம்!

அன்று மாலை ஆண்டவரிடம் சண்டை போட்டேன். முழந்தாள் போடவில்லை, நின்றுகொண்டே கேட்டேன். "நீராவது பார்க்கிறீரா, இல்லை நீரும் நார்மல் என்று எழுதிவிட்டீரா?"

மறுநாள் காலை அந்த நர்ஸ் போன் செய்தார்.

"அக்கா, புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ஒங்க வீட்லேருந்து பதினோரு ரீடிங் கூடுதலா வருது. எல்லாம் நல்லா இருக்கு. யாரு வெரலுக்கா அதெல்லாம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதன்கிழமைதானே எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம்! செபமாலை முடிந்து காபி குடிக்கும்போது, "எனக்கு எம்புட்டுக் காட்டுது பாப்போம்" என்று வாராவாரம் வரிசையாக விரலை நீட்டினீர்களே. சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டவள் நான்தான். உங்கள் மீது கோபம், என் மீது அதைவிடக் கோபம். ஒரு மனுஷனுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை நாடியா என்று கேட்காத அந்த அலுவலகத்தின் மீது எல்லாவற்றையும்விடக் கோபம். நடந்ததை நர்ஸிடம் சொன்னேன்.

"அதையும் சேத்துத்தான் சராசரி போட்டிருக்காங்க. அவரோடத மட்டும் பிரிச்சுப் பாத்தா, ஆக்சிஜன் கொறஞ்சுக்கிட்டே வருதுக்கா. இன்னைக்கே கூட்டியாங்க."

கூட்டிப்போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நான் நின்றுகொண்டு கேட்ட கேள்விக்கு ஆண்டவர் அந்த நர்ஸ் பிள்ளையின் போனில் பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் முழந்தாள் போட்டேன்.

டாக்டர் எழுதித் தந்த கடிதத்தோடு கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் மூன்று திங்கள்கிழமை நின்றேன். காப்பீடு மறுபடி கிடைத்தது. மெஷின் வீட்டில் இருக்கிறது, அவரும் இருக்கிறார். இப்போது மனு எழுதத் தெரியாதவர்களோடு நானும் திங்கள்கிழமை போய் நிற்கிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். புதன்கிழமை வழக்கம்போல வாருங்கள், காபி உண்டு. மெஷின் மட்டும் பீரோவுக்குள் இருக்கும். சாவி என் இடுப்பில்.