நான் நிறுத்தச் சொன்ன வசனம்

எழுபதுகளின் நடுவில் துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். கணவருக்கு அதே ஊரின் தேரா பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. எனக்குப் பெண்கள் வார்டில் பகல் டூட்டி.

ஒரு காலையில் ஸ்ட்ரெச்சரில் ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்கள். கறுப்பினத்தவர், அறுபது வயதிருக்கும். கால்கள் வீங்கியிருந்தன, உதடு நீலம் பாரித்திருந்தது. யார் வீட்டிலோ வேலைக்கு வந்தவர் என்று நானாக முடிவுகட்டி, தெரிந்த அரைகுறை அரபியில், "எந்த வீட்டுல வேலை?" என்று கேட்டேன்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "நான் அமெரிக்கா. நடிகை." அந்த மூச்சிறைப்பிலும் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். எனக்கு முகம் சுட்டது.

லண்டனிலிருந்து வந்த நாடகக் குழுவில் அவர் ஒருவர். க்ரீக் என்ற உப்பங்கழி ஓரத்து ஹோட்டலில், இங்கே வேலைபார்த்த ஆங்கிலேயர்களுக்காக மூன்று நாள் நாடகம். முதல் நாள் காலை ஒத்திகையிலேயே மேடையில் மயங்கி விழுந்துவிட்டார். இதயம் பலவீனப்பட்டு உடம்பெல்லாம் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். விமானத்தில் அனுப்பவும் முடியாது.

மூன்றாம் நாள் குழுவின் மேனேஜர் அவருடைய சூட்கேஸோடு வந்தார். மறுநாள் எல்லோரும் பஹ்ரைன் போகிறார்களாம்.

"என் வேஷத்தை யார் கட்டறாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "துணிமணி பாத்துக்கற பொண்ணுதான். முகத்துல கறுப்பு மை பூசி விட்டோம். யாரும் ஒண்ணும் சொல்லல."

நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரலுக்கடியில் அது தடுமாறியது. மேனேஜர் போன பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "நாப்பது வருஷமா நடிக்கிறேன். ஒரு டப்பா மை போதுமாம்."

அதன்பின் மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். அப்பா கிடையாது. அம்மா ஊரார் துணியைத் துவைத்துப் படிக்கவைத்தாள். நியூயார்க்கில் கறுப்பர்களே நடத்திய சின்ன நாடகக் கொட்டகையில் ஒரு ராணியாக ஆறு வாரம் நடித்தார். அதைப் பார்த்துத்தான் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே முதல் நாளே கையில் வேலைக்காரி கட்டும் ஏப்ரனைக் கொடுத்து, "உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு, கொஞ்சம் கொச்சையாப் பேசு" என்றார்களாம். பிறகு படத்துக்குப் படம் சமையல்காரி, ஆயா.

"ஒரே ஒரு படத்துல நல்ல காட்சி கிடைச்சுது. எஜமானியம்மாவை எதிர்த்துப் பேசற காட்சி. 'போய்ப் பாரும்மா'ன்னு அம்மாவுக்கு எழுதினேன். எங்க ஊர்க் கொட்டகையில கறுப்பர்களுக்குப் பின்பக்கப் படிக்கட்டு, மேல் மாடி. அம்மா முட்டி வலியோட ஏறிப் போயிருக்கா. வெள்ளைக்காரங்களுக்குப் பிடிக்காதுன்னு, எங்க ஊர் மாதிரி தெற்குப் பக்கம் அனுப்பின பிரதியில அந்தக் காட்சியையே வெட்டிட்டாங்க. நான் படத்துலயே இல்ல."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஊர் பூரா சொல்லிக் கூட்டிட்டுப் போயிருந்தா. நான் பொய் சொல்லிட்டேன்னே நெனச்சா. அடுத்த வருஷம் செத்துட்டா."

அழவில்லை. தண்ணீர் கேட்டார். அளவாகத்தான் கொடுக்கலாம், கொடுத்தேன்.

ஏழாம் நாள் மதியம் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. "கட்டிலைக் கொஞ்சம் தூக்கி வைங்க" என்றார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ராணியின் வசனத்தைப் பேசத் தொடங்கினார். வீங்கிய உடம்பிலிருந்து அப்படியொரு குரல். எதிர்க் கட்டில் பலூசிஸ்தான் கிழவிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வார்டில் அத்தனை தலைகளும் திரும்பின.

அப்போது நடையில் எங்கள் மேலதிகாரி மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்டது. பார்வையாளர் நேரத்தில் சத்தம் அதிகம் என்று முந்தின வாரம்தான் எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. நான் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டேன். "மேடம், போதும். மேட்ரன் வர்றாங்க."

வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். என்னை ஒரு கணம் பார்த்தார். "சாரி, நர்ஸ்" என்றார். எத்தனையோ இடங்களில் சொல்லிப் பழகிய பணிவு அது. மேட்ரன் வார்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார்.

"இப்பச் சொல்லுங்க மேடம், நாங்க கேக்கறோம்" என்று திரும்பிப் போய்க் கெஞ்சினேன். தலையை அசைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் டூட்டிக்கு வந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. விடியற்காலையில் போய்விட்டாராம். பஹ்ரைனிலிருந்த குழுவுக்குத் தந்தி போயிற்று. அடக்கம் செய்துவிடச் சொல்லிப் பதில் வந்தது. கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாதிரியார், தூதரகத்து ஆள் ஒருவர், நான். வெயிலில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீ உன் டூட்டியைத்தானே பார்த்தே?" என்றார். ஆமாம், அதைத்தான் பார்த்தேன். கொச்சையாகப் பேசச் சொன்னவர்களும், படத்தை வெட்டியவர்களும், மை பூசியவரும் அவரவர் வேலையைத்தான் பார்த்திருப்பார்கள்.